உறைந்த ஏரியும் ஒரு வெள்ளிக் கரண்டியும்

பத்திரிகைத் தொழிலில் நான் காலடி வைத்த நாட்களில் யாழ்ப்பாணத்து அச்சகங்களில் ஈய எழுத்துக்களே கோலோச்சின. இரவு பத்து மணிக்கு மேல் வந்து சேரும் கடைசிச் செய்தியை அச்சுக்கோப்பாளர் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி அடுக்குவார். பக்கம் கட்டி முடிந்ததும் அதை இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டும். ஒரு பக்கத்துச் செய்திக்கு இவ்வளவு பாரமா என்று முதல்நாள் வியந்தது இன்றும் நினைவில் இருக்கிறது. அந்த ஈயத்தை மீண்டும் உள்ளங்கையில் வைத்து எடைபார்க்கும் சந்தர்ப்பம், நாற்பது ஆண்டுகளின் பின்னர், கனடாவில் உறைந்துபோன ஏரி ஒன்றின் மேல் வாய்க்கும் என்று நான் கனவிலும் நினைத்தவனல்லன்.

ஸ்காபரோவிலிருந்து வடக்கே ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான கார்ப் பயணத்தில் சிம்கோ ஏரி வருகிறது. 722 சதுர கிலோமீற்றர் பரப்பு. கோடையில் அது படகுகளின் ஏரி. ஜனவரி பிறந்து குளிர் இறுகியதும் அதன்மேல் ஒரு கிராமமே எழுந்துவிடும். மரக்கொட்டில்கள், துணிக் கூடாரங்கள், சறுக்கு வண்டிகள், அவற்றுக்கிடையே கவிழ்த்த வாளிகளில் அமர்ந்திருக்கும் மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் பனிக்கட்டியில் துளைத்த ஒரு சாண் அகலத் துவாரம். அதற்குள் ஒரு தங்கூசி. கையில் இரண்டடி நீளத் தடி. சீனர், ரஷ்யர், கொரியர், வெள்ளையர் என்று எல்லோரையும் அங்கு காணலாம். அண்மைக் காலத்தில் நம்மவர்களையும் காணலாம்.

என்னை அங்கு அழைத்துச் சென்றவர் மயிலிட்டியைச் சேர்ந்த ஒருவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் அவரை நான் ‘அண்ணை’ என்பேன். அவருக்கு நான் ‘தம்பி’. எண்பதுகளின் தொடக்கத்தில், கடற்றொழிலாளரின் பிரச்சினைகள் பற்றிக் கட்டுரை எழுதுவதற்காக மயிலிட்டித் துறைக்குச் சென்றபோது அவரைச் சந்தித்தேன். அப்போது மயிலிட்டி வடக்கின் முதன்மையான மீன்பிடித் துறைகளில் ஒன்று. 1990 ஜூனில் அந்த ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. துறைமுகம் மீண்டும் மக்களிடம் கையளிக்கப்பட்டது 2017 ஜூலையில். இடைப்பட்ட 27 ஆண்டுகளில் அண்ணை கனடாவுக்கு வந்து, தொழிற்சாலையில் இரவுவேலை பார்த்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஓய்வுபெற்றும் விட்டார். வந்த முதல் பத்து ஆண்டுகள் அவர் தூண்டிலைத் தொடவே இல்லையாம். பிறகு யாரோ ஒரு சக தொழிலாளி பனிக்காலத்தில் சிம்கோவுக்கு அழைத்துப்போக, “கடல் கல்லாய்ப் போய்க் கிடந்த மாதிரி இருந்தது தம்பி, ஆனா கீழ மீன் ஓடுது” என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தவர், அதன்பின் ஒரு பனிக்காலத்தையும் தவறவிடவில்லை.

2015 பெப்ரவரி. ரொறன்ரோவாசிகள் இன்றும் சொல்லிக் காட்டும் கடுங்குளிர் மாதம். நான் முதன்முதலாகச் சென்றது அப்போதுதான். போவதற்கு முன்னர் கடையொன்றில் ஐம்பது டொலருக்கு மேல் செலவிட்டுப் போலி இரைகள் ஒரு பெட்டி நிறைய வாங்கியிருந்தேன். மீன்களை மயக்குவதற்காகச் செய்யப்பட்ட இந்த உலோகத் துண்டுகளை இங்குள்ளோர் ‘ஜிக்’ என்றும் ‘ஸ்பூன்’ என்றும் அழைக்கிறார்கள். நான் வாங்கியவை சிவப்பு, செம்மஞ்சள், ஊதா, புள்ளி போட்டவை, கண் வரைந்தவை. கடைக்காரர் எதைக் காட்டினாலும் வாங்கினேன் என்பதே உண்மை. அண்ணை என் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து நிறம் மங்கிய வெள்ளிக் கரண்டி ஒன்றை எடுத்துத் தங்கூசியில் கொளுவினார். விரல் நீளம்கூட இல்லாத அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மதியத்துக்குள் இருபதுக்கு மேற்பட்ட மஞ்சள் பேர்ச் மீன்களைத் தூக்கினார். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

“தம்பி, நீங்கள் ஆட்டுறதைப் பாத்தா மீனுக்கு மாரடைப்பு வரும். கொஞ்சம் நிப்பாட்டுங்கோ” என்றார்.

அன்று தொடங்கிய பாடத்தில் நான் கற்றவற்றை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். பனியில் தூண்டில் போட விரும்பும் வாசகர்களுக்கு அது பயன்படக்கூடும். இதை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலாவது, நிறத்தைப் பார்க்குமுன் கனத்தைப் பார்க்கவேண்டும். அண்ணை எந்த இரையையும் முதலில் கண்ணால் பார்ப்பதில்லை. உள்ளங்கையில் வைத்து மெல்ல ஏற்றி இறக்குவார். அடியைத் தொட்டதை விரல் உணரவேண்டும். தங்கூசி நேராக நிற்கவேண்டும். இந்த இரண்டையும் செய்துதரக்கூடிய மிகக் குறைந்த கனமே சரியான கனம். ஆறேழு மீற்றர் ஆழத்தில் பேர்ச் பிடிக்க 3 கிராமிலிருந்து 7 கிராம் வரையிலான கரண்டி போதும். ஏரியின் மேற்கே கெம்பன்ஃபெல்ட் குடாவில் ஆழம் 41 மீற்றர்வரை போகிறது. அங்கு ஏரி ட்ரவுட் மீனைத் தேடுவோருக்கு 15 கிராமுக்கும் 30 கிராமுக்கும் இடைப்பட்டது வேண்டும்.

கனத்துக்குப் பிறகு வடிவம். ஒடுங்கிய தடித்த கரண்டி நேராகவும் விரைவாகவும் இறங்கும். அகன்ற மெல்லிய கரண்டி பூவரசம் சருகு விழுவதுபோலப் பக்கவாட்டில் அலைந்து அலைந்து இறங்கும். மீன் எங்கோ தொலைவில் நிற்கிறதென்றால் அகன்றது நல்லது, அதன் மினுக்கம் தூரத்துக்குத் தெரியும். மீன் காலடியில் வந்து கூட்டமாக நிற்கிறதென்றால் ஒடுங்கியதுதான் வேண்டும். ஏனெனில் ஒரு மீனைக் கழற்றிவிட்டு மீண்டும் இரையை இறக்குவதற்குள் கூட்டம் நகர்ந்துவிடும். அண்ணையின் சட்டைப் பையில் இருந்தது இந்த ஒடுங்கிய ரகம். ‘ஸ்வீடிஷ் பிம்பிள்’ என்று பெயர். பெயரில் ஸ்வீடன் இருந்தாலும் அது செய்யப்படுவது அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்திலுள்ள கிளாட்ஸ்ரன் என்னும் சிற்றூரில். நம்மூர்ப் ‘பம்பாய் மிட்டாய்’ போலத்தான்.

இன்னொரு ரகம் பின்லாந்திலிருந்து வருவது. ‘றப்பலா’ என்ற பெயரை மீன்பிடிப்போர் அனைவரும் அறிவர். லவ்ரி றப்பலா என்ற ஏழை மீனவர் 1936இல் தக்கையைச் செதுக்கித் தன் முதலாவது போலி இரையைச் செய்தார். அடிபட்ட சிறு மீன் நேராக நீந்த முடியாமல் ஒருபக்கம் சாய்ந்து தடுமாறும்போது பெரிய மீன்கள் அதைத்தான் துரத்துகின்றன என்பதை அவர் கவனித்திருந்தார். சொக்கிலேற் சுற்றிய மினுமினுத் தாளை மேலே ஒட்டி, நீர் புகாதிருக்கப் புகைப்பட நெகற்றிவ்களை உருக்கிப் பூசினாராம். அச்சகத்து இருட்டறையில் நெகற்றிவ்களோடு பல இரவுகள் கழித்த எனக்கு இந்தத் தகவல் மிகவும் பிடித்துப்போயிற்று. அந்த நிறுவனம் பனிக்காலத்துக்கென்றே செய்யும் ‘ஜிக்கிங் றாப்’ சிறிய மீன் வடிவில் இருக்கும். அதன் வாலிலுள்ள செட்டை காரணமாக, தூக்கிவிட்டால் நேரே கீழே விழாது. ஒரு வட்டமடித்துத் துவாரத்துக்குக் கீழே திரும்பி வரும்.

மூன்றாவது ரகம் அரிசிமணியைவிடச் சற்றே பெரிய ஜிக். கொக்கியின் கழுத்தில் ஓர் உலோக உருண்டை, கொக்கியில் ஒன்றிரண்டு ஈப்புழுக்கள். அவ்வளவுதான். முன்னர் அந்த உருண்டை ஈயத்தால் ஆனது. இன்று நல்ல ஜிக்குகள் ரங்ஸ்ரன் உலோகத்தில் வருகின்றன. தூய ரங்ஸ்ரன் ஈயத்தைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு அடர்த்தியானது. ஆகவே அதே கனத்துக்கு உருவம் சிறிதாகும். உண்ணத் தயங்கும் மீனுக்குச் சிறிய உருவம். அடியை விரைந்து எட்டுவதற்குப் போதிய கனம். இரண்டும் ஒன்றாகக் கிடைக்கின்றன. விலைதான் சற்று உறைக்கும்.

ஈயத்தைக் கைவிடுவதற்கு வேறு நியாயமும் உண்டு. கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் 1987 முதல் லூன் என்ற நீர்ப்பறவை இருக்கிறது. இந்த நாட்டின் ஏரிகளில் வாழும் அந்தப் பறவை, அறுந்து விழுந்த ஈயக் குண்டுகளையும் ஜிக்குகளையும் விழுங்கி நஞ்சேறி இறந்துபோகிறது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டுகளும் ஈய ஜிக்குகளும் 1997 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. சிம்கோ தேசியப் பூங்கா அல்ல. ஆயினும் அண்ணை தன்னிடமிருந்த ஈய ஜிக்குகளை ஒருநாள் ஒரு ரின்னில் போட்டு மூடிவிட்டார். “பறவையைக் கொண்டுபோட்டு மீன் திண்டு என்ன செய்யிறது” என்றார்.

நிறத்துக்கு வருவோம். வெயில் ஏறிய நேரத்தில், தெளிந்த நீரில், வெள்ளி நிறமே போதும். சிம்கோவின் பேர்ச்சுகள் உண்ணும் சிறு மீன்களும் வெள்ளி நிறத்தவைதாம். விடியலிலும் அந்தியிலும், பனிக்கட்டியின்மேல் வெண்பனி தடித்துக் கிடந்து கீழே இருள் சூழும் நாட்களிலும், பொன்னிறமோ இருளில் ஒளிரும் பூச்சோ உதவும். சிவப்பு, ஆழத்தில் முதலில் மறையும் நிறம். சில மீற்றர் தாண்டினால் அது கருமையாகவே தெரியும். என் ஐம்பது டொலரில் பாதி எங்கே போயிற்று என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நிற்க. எதைத் தெரிந்தாலும் அதை ஆட்டத் தெரியாவிட்டால் பயனில்லை.

நீர் 4 பாகை செல்சியசில்தான் மிகக் கூடிய அடர்த்தி பெறுகிறது. அதனால் பனிக்காலத்து ஏரியில் மேலே உறைபனியும் அடியில் அதைவிடச் சற்றுச் சூடான நீரும் இருக்கும். அந்தக் குளிரில் மீனின் உடல் இயக்கம் மந்தமாகிவிடுகிறது. நெடுந்தூரம் துரத்திப் பிடிக்க அது விரும்பாது. எனவே இரையை அடிவரை இறக்கி, இரண்டு மூன்று தடவை சேற்றில் தட்டவேண்டும். கலங்கும் சேறு, ஏதோ ஓர் உயிர் இரை தேடுகிறது என்று மீனுக்குச் சொல்லும். பின்னர் ஒரு முழம் தூக்கி, விழவிடவேண்டும். விழும்போது தங்கூசியை இறுக்கிப் பிடித்தால் கரண்டி கல்லைப்போல இறங்கும். முழுதாகத் தளர்த்தினால் அழகாக ஆடும். ஆனால் மீன் கவ்வியது கைக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே பாதித் தளர்வில் கையால் பின்தொடர வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படி. அதன்பின் நிறுத்தம். ஐந்து வினாடி, பத்து வினாடி, சிலவேளை அதற்கும் மேல்.

“ஆட்டினாப் பாக்க வரும். நிப்பாட்டினாத்தான் கடிக்கும்” என்பார் அண்ணை.

இப்போது பலரிடமும் ஒலியலைக் கருவி இருக்கிறது. அதன் திரையில் நம் இரை ஒரு கோடாகத் தெரியும். மீன் வந்தால் கீழிருந்து இன்னொரு கோடு எழும்பும். அந்தக் கோடு நம் இரையின் அருகே வந்து நின்று, நாம் ஒரு கணம் அவசரப்பட்டு ஆட்டினால், உடனே கீழிறங்கி மறைந்துவிடும். கருவி இல்லாத நாட்களில் எத்தனை மீன்களை இப்படித் துரத்தியிருப்பேனோ! மீன் நெருங்கியதும் செய்யவேண்டியது, தடியின் நுனி மட்டும் மெல்ல நடுங்க, இரையை அங்குலம் அங்குலமாக மேலே எடுப்பதுதான். தப்பிப் போகும் இரையை மீன் தொடரும். தொடர்ந்தால் அசையாமல் நிறுத்தவேண்டும். அது கவ்வுவது எப்போதும் இழுப்பாகத் தெரியாது. பலவேளை தங்கூசி சற்றே தளரும். மீன் இரையைக் கவ்விக்கொண்டு மேல்நோக்கி எழுந்துவிட்டது என்று பொருள். அப்போதே சுண்டவேண்டும்.

கரண்டியில் வரும் மும்முனைக் கொக்கியை ஆண்டுக்கொரு முறையாவது மாற்றவேண்டும். கரண்டியைத் தங்கூசியில் நேரே முடியாமல் சிறிய கொளுவி ஒன்றின் ஊடாக இணைத்தால் அது தடையின்றி ஆடும். தங்கூசி முறுக்கேறாதிருக்கச் சுழலியை ஒரு முழம் மேலே வைக்கவேண்டும். முடிச்சை எச்சிலால் நனைத்துத்தான் இறுக்கவேண்டும். இல்லையேல் உராய்வின் சூட்டில் தங்கூசி பலமிழக்கும்.

இனி, முன்னர் சொல்கிறேன் என்றதைச் சொல்கிறேன்.

2023-24 பனிக்காலம் ஒரு பொய்க்காலம். ஏரி சரிவர உறையவில்லை. கரையோரத்தில் மெல்லிய பனிக்கட்டி படர்வதும், காற்றடித்தால் உடைவதுமாக மாதங்கள் கழிந்தன. அண்ணை ஜனவரி முழுவதும் தொலைபேசியில் “அடுத்த கிழமை இறுகும் தம்பி” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒருமுறைகூடப் போகவில்லை. அடுத்த பனிக்காலத்துக்குக் காத்திருந்தோம். அந்த இடைவெளியில்தான் அவருடைய வலது கையில் நடுக்கம் தொடங்கியது. பார்க்கின்சன் நோய் என்றார்கள்.

2025 ஜனவரியில் ஏரி நன்றாக இறுகியது. பெப்ரவரியில் அவருடைய மகன் எங்களை அழைத்துச் சென்றார். அண்ணை வழக்கம்போல வெள்ளிக் கரண்டியைக் கொளுவி இறக்கினார். தட்டினார், தூக்கினார், விழவிட்டார். பழைய கைதான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு நிறுத்தினார். நிறுத்தியதும் நடுக்கம் வந்தது.

அந்த நோயின் நடுக்கம் பெரும்பாலும் அப்படித்தானாம். கை வேலை செய்யும்போது அடங்கும், ஓய்ந்திருக்கும்போது எழும். ஆட்டுவதில் அவருக்குச் சிரமமே இல்லை. அசையாமல் வைத்திருப்பதுதான் முடியவில்லை. திரையில் மீன்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அருகே வந்து நின்றன. இறங்கிப் போயின. எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒரு மணித்தியாலம் ஒன்றும் பேசவில்லை. மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது நான் அவர் தோளைத் தொட்டுத் தடுத்தேன். சொந்தக் கடல் பறிபோனபோதும் இந்த மனிதர் கலங்கியதை நான் கண்டதில்லை. அன்று அவர் கண் கலங்கியிருந்தது. குளிர்காற்று என்று நினைத்துக்கொள்ள நான் முயன்றேன்.

பிறகு அவர் எழுந்தார். தான் அமர்ந்திருந்த வாளியைத் துவாரத்தின் அருகே இழுத்து வைத்தார். என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, மீண்டும் இரையை இறக்கித் தட்டி, தூக்கி, விழவிட்டார். நிறுத்தவேண்டிய தருணத்தில் தடியை வாளியின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். திரையில் ஒரு கோடு எழுந்து வந்து நின்றது. தடியின் நுனி வளைந்தது. இடக்கையால் சுண்டினார்.

“ஆட்டுறதுக்கு நான். நிப்பாட்டுறதுக்கு வாளி” என்று சொல்லிச் சிரித்தார்.

அன்று ஒன்பது பேர்ச்சுகள் பிடித்தார். எனக்கு ஏழு. பத்து ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகும் ஒரு மனிதனும் ஒரு வாளியும் சேர்ந்து என்னை வென்றுவிட்டார்கள். பொரித்து உண்ண இரண்டு வீட்டுக்கும் அது போதும் என்று அத்தோடு நிறுத்திக்கொண்டோம். ஆழத்திலிருந்து தூக்கிய மீன்கள் அழுத்த மாற்றத்தால் பாதிக்கப்படுகின்றன, திரும்ப விட்டாலும் பல பிழைக்கமாட்டா என்பதால், போதுமானதைப் பிடித்ததும் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும் என்பது அண்ணையின் சட்டம்.

இதை வாசித்துவிட்டு ஏரிக்குப் புறப்படும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். தெளிந்த, நீலம் பாய்ந்த பனிக்கட்டி குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்பு இல்லாமல் கால் வைக்காதீர்கள். வெள்ளை நிறப் பனிக்கட்டிக்குப் பாதிப் பலமே உண்டு. அதற்கு இரட்டிப்புத் தடிப்பு வேண்டும். தனியே போகாதீர்கள். விழுந்தால் பற்றி ஏறுவதற்கு இரண்டு கூர் ஆணிகளைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் வாழும் 65 வயதைக் கடந்தோர் மீன்பிடி அனுமதிப்பத்திரம் வாங்கத் தேவையில்லை. வயதைக் காட்டும் அடையாள அட்டை போதும். எத்தனை மீன் பிடிக்கலாம் என்ற வரம்பு மட்டும் அவர்களுக்கும் உண்டு.

2025ஆம் ஆண்டு நவம்பரில் ஒருநாள் அண்ணை என்னை வீட்டுக்கு அழைத்தார். குசினி மேசையில் தன் கரண்டிகள் பன்னிரண்டையும் வரிசையாக வைத்திருந்தார். பழைய கொக்கிகளைக் கழற்றிப் புதியன மாட்டவேண்டும், தங்கூசி முடியவேண்டும். அவருடைய விரல்களுக்கு அது இப்போது இயலாது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் அமர்ந்தேன். அவர் அருகிலிருந்து ஒவ்வொரு முடிச்சையும் பார்த்தார். நான்காவது முடிச்சில், “எச்சில்” என்றார். மறந்துபோயிருந்தேன். அவிழ்த்து, நனைத்து, மீண்டும் இறுக்கினேன்.